வெட்டிய கரும்பு காத்திருக்காது
(கரும்பு விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூட்டத் தலைவர் அவர்களே, மூன்று திருமணங்களுக்குத் தலைகாட்டிவிட்டு நான்காவதாக நம்மிடம் வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வேளாண்மை உதவி இயக்குநர் அவர்களே, ஒலிபெருக்கிக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன பந்தல்காரரே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் வெட்டுத் தொழிலாளர்களே, அனைவருக்கும் வணக்கம். உறுப்பினருக்குப் போர்த்திய பொன்னாடை கடனில் வாங்கியது. ஆலைப் பணம் வந்ததும் கடையில் அடைத்துவிடுவோம்.

நொதிகளின் அளவு செடியின் கரிமக் கணக்கை எப்படி மாற்றுகிறது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நொதி என்றால் செடிக்குள் நடக்கும் வேதிவேலைகளை விரைவாக்கும் புரதம். மூன்று செய்திகள்: இலையில் நடப்பது, தண்டில் நடப்பது, உரத்தால் நடப்பது.

இலையில் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரைப் பாதையில் சேர்ப்பது ரூபிஸ்கோ என்னும் நொதி. மந்தமான வேலையாள், நொடிக்கு மூன்று முதல் பத்து மூலக்கூறு வரைதான் பிடிக்கும். அது குறைந்தால் விளைச்சலும் குறையும் என்றுதானே நினைப்போம்? 1990களின் தொடக்கத்தில் புகையிலையில் அதன் அளவை நாற்பது விழுக்காடு குறைத்துப் பார்த்தார்கள். செடி வளர்ந்த அதே வெளிச்சத்தில் வைத்து அளந்தபோது ஒளிச்சேர்க்கை அதிகம் இறங்கவில்லை. அதே சர்க்கரைப் பாதையில் செடோஹெப்டுலோஸ் பிஸ்பாஸ்பட்டேஸ் என்று இன்னொரு நொதி இருக்கிறது. பெயர் வாயில் நுழையாது, ஆனால் அதைக் கொஞ்சம் குறைத்தாலே செடி திணறுகிறது. நம் கரும்பு ரூபிஸ்கோவை மட்டும் நம்பியிருக்கவில்லை. பெப் கார்பாக்சிலேஸ் என்ற நொதியை வாசலில் நிறுத்தி, கரியமில வாயுவைத் திரட்டி ரூபிஸ்கோவிடம் சேர்க்கிறது. 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் இந்தப் பாதையைக் கரும்பிலையில்தான் விளக்கினார்கள். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். அவர்கள் கூலி வாங்கிக்கொண்டே கரும்பை ஆராய்ந்த புண்ணியவான்கள்.

இப்போது தண்டு. சுக்ரோஸ், அதாவது நாம் தின்னும் சர்க்கரை; அதைக் கட்ட ஒரு நொதி, உடைக்க இன்வர்டேஸ் என்று இன்னொரு நொதி. இளம் நுனிக் கணுக்களில் இன்வர்டேஸ் மிகுதி. வளர்ச்சிக்கு அது வேண்டும். முதிர்ந்த அடிக்கணுவில் அது குறைகிறது. கட்டுவது உடைப்பதை மிஞ்சினால்தான் சர்க்கரை சேரும். அடிக்கரும்பு இனிப்பதன் கணக்கு இவ்வளவுதான்.

கரும்பை வெட்டிவிட்டால்? இங்கேதான் என் மைத்துனர் கதை. ஆலையின் பெயர் வேண்டாம். வெட்டு உத்தரவு வந்தது, வெட்டினார், டிராக்டரை வெள்ளிக்கிழமை இரவு ஆலை வாசலில் நிறுத்தினார். முன்னால் அறுபது வண்டிகள். சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று. மாசி வெயில். ஓட்டுநர் டிரெய்லருக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சோறாக்கினார். திங்களன்று எடை போட்டால் எடை குறைவு. சர்க்கரைக் கட்டுமானமும், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விழுக்காடும், குறைவு என்றார்கள். மைத்துனருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கரும்பை உருவி எழுத்தரிடம் நீட்டி, “கடித்துப் பாருங்கள் ஐயா, கற்கண்டு!” என்றார். எழுத்தரும் கடித்தார். “இனிக்கத்தான் செய்கிறது” என்றார். சாற்றில் கரைந்திருப்பதன் அடர்த்தியைக் காட்டும் பிரிக்ஸ் மானியில் பார்த்தால் அளவு ஏறியிருக்கிறது! ஆய்வகத்துக்காரர் மட்டும் இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். மைத்துனர் அவரைத் திருடன் என்றே சொல்லிவிட்டார்.

மைத்துனரும் ஆய்வகத்துக்காரரும் பொய் சொல்லவில்லை. வெட்டிய கரும்பில் இன்வர்டேஸ் ஏறி, சுக்ரோஸை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளக்கிறது. பிரக்டோஸ் சுக்ரோஸைவிட இனிப்பு, நாக்கு ஏமாறும். தண்ணீர் வற்றுவதால் பிரிக்ஸ் ஏறும். ஆனால் பிளந்த சர்க்கரை படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சாற்றில் செலுத்தினால், சுக்ரோஸ் அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பும், பிளந்த கலவை இடப்பக்கம் திருப்பும். ஆய்வகக் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். கரும்பு தின்னக் கூலியா? எழுத்தர் தின்றார், கூலியை மைத்துனர் கொடுத்தார்.

இது அவர் ஒருவரின் நட்டமா? விலை ஆலையின் சராசரிக் கட்டுமானத்தைப் பார்த்து அமைகிறது. 10.25 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் கூடுதல் விலை. வாசலில் காய்ந்த ஒவ்வொரு வண்டியும் நம் எல்லோரையும் அதிலிருந்து தள்ளிவைக்கிறது. ஆகவே, உறுப்பினர் அவர்களே, எடைச் சீட்டில் வெட்டிய தேதி, வண்டி வாசலுக்கு வந்த நேரம், எடை போட்ட நேரம் மூன்றும் அச்சாக வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்துக்கு ஆலை ஈடு தர வேண்டும்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். உரத்தைப் பற்றி உதவி இயக்குநர் பேசுவார் என்று நம்புகிறேன். மனு மேடையின் இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போவதற்குமுன் கையெழுத்துப் போடுங்கள். பேனா குறைவு, எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.