துண்டுக்கு அடியில் ஒரு விலை: கைச் சைகை எப்போது சொல்லாகிறது?

[காட்சி: பொய்கை மாட்டுச் சந்தை, காலை நேரம்]

வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. இத்தகைய சந்தைகளில், கறவை மாட்டின் பல்லையும் மடியையும் பார்த்து முடித்ததும், தரகர் தம் தோள்துண்டை எடுத்து விற்பவரின் கைமீது போட்டு, அதன் அடியில் அவருடைய விரல்களைப் பற்றுவது நெடுநாள் வழக்கம். பிடித்த விரல்களின் எண்ணிக்கையே விலை. அது நூறா, ஆயிரமா என்பதை எதிரே நிற்கும் மாடே சொல்லிவிடும். விற்பவர் தலையசைத்து மறுத்தால், தரகர் இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடிப்பார். சுற்றி நிற்பவர்களுக்கு அசையும் துண்டு மட்டுமே தெரியும்; இங்கே படிந்த விலை அடுத்த பேரத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மறைப்பு.

[காட்சி: விரல்கள் மட்டும், மிக அருகில்]

பேச்சோடு சேர்ந்து தன்போக்கில் அலையும் கை வேறு. பேச்சுக்குப் பதிலாகவே நிற்கும் கை வேறு. பின்னதையே குறியீட்டுச் சைகை என்கிறோம். 1941இல் டேவிட் எஃப்ரான் தொடங்கிவைத்த இந்தப் பாகுபாட்டை உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1969இல் விரித்துரைத்தனர். ஓரிரு சொற்களில் சொல்லிவிடக்கூடிய பொருள் அதற்கு இருக்க வேண்டும், குழுவினரில் பெரும்பாலோர் அப்பொருளை அறிந்திருக்க வேண்டும், காட்டுபவர் வேண்டுமென்றே காட்ட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த வரையறை. தரகரின் விரல், கண்ணுக்குப் புலப்படாமலேயே, இம்மூன்றுக்கும் பொருந்துகிறது.

[காட்சி: தட்சிணாமூர்த்தி சிற்பம்]

சிவாலயக் கருவறையின் தென்புறச் சுவரில் வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவது ஞானத்தை. கடலடியில் நீந்துவோருக்கு அதே வளையம் ‘நலமாக இருக்கிறேன்’ என்பதாகும். ஜப்பானில் பணத்தைக் குறிக்கும். பிரேசிலில் வசைச்சொல்லுக்கு நிகர். ஆகவே, பொருள் விரலில் இல்லை. பார்ப்பவரும் காட்டுபவரும் முன்பே செய்துகொண்ட உடன்பாட்டில் இருக்கிறது. ஐரோப்பாவில் 1941 முதல் வெற்றிக்குறியாகப் பரவிய இரு விரல், தமிழ்நாட்டுத் தேர்தல் மேடையில் இரட்டை இலையாகிவிடுகிறது. வகுப்பில் ஆசிரியரிடம் சுண்டுவிரலைக் காட்டி வெளியே போய்வரும் சிறுவன், அதே விரலைக் கூட்டாளியிடம் காட்டிக் காய் விடுகிறான். இருவரில் ஒருவரும் குழம்புவதில்லை.

[காட்சி: நரம்புகளைக் காட்டும் முன்கை வரைபடம்]

மூன்றாவது நிபந்தனையான நோக்கம் ஏன் தேவை என்பதற்கு வேலூரிலேயே கடுமையான சான்று உண்டு. தொழுநோய் முழங்கையருகே அல்நார் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து, விரல்கள் நிமிர்த்த முடியாதபடி மடங்கிவிடுகின்றன. அந்த மடக்கத்துக்கு நோக்கம் ஏதும் இல்லாததால் அது சைகையே அன்று. ஆயினும் ஊரார் அதை ஓர் அடையாளமாகப் படித்து, நோய் தீர்ந்தவர்களையும் ஒதுக்கினர். கையை அப்படிப் படித்தது பார்த்தவர்களின் பிழை என்றே கருத வேண்டும். 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்டு, நன்றாக இயங்கும் தசையின் நாணை இடம் மாற்றி விரல்களோடு இணைக்கும் அறுவை சிகிச்சையைத் தொழுநோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். இடம் மாறிய தசைக்குத் தன் புதிய வேலை தெரியாதாகையால், அறுவைக்குப் பின் விரல்களை நீட்டவும் மடக்கவும் நோயாளிகள் தொடர்ந்து பயிற்சி பெற வேண்டியிருந்தது.