வேட்பாளராகக்கூட நிற்காத விவசாயி முதல்வரான கதை

[திரையில்: கனடா வரைபடம். ஒன்டாரியோ மாகாணம் மட்டும் நிறம் மாறுகிறது.]

1919 அக்டோபர் 20. ஒன்டாரியோ மாகாணத் தேர்தல். பெண்கள் முதல்முறையாக வாக்களித்த மாகாணப் பொதுத்தேர்தலும் இதுதான். சட்டமன்றத்தில் மொத்தம் 111 இடங்கள். முடிவு வந்தபோது முதலிடத்தில் இருந்தது ஆளுங்கட்சியான கன்சர்வேடிவ் இல்லை, லிபரலும் இல்லை. தொடங்கி ஐந்தே வருடமான 'ஒன்டாரியோ ஐக்கிய விவசாயிகள்' என்ற அமைப்பு நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்திருந்தது. பதவியில் இருந்த முதல்வர் ஹர்ஸ்ட் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றுப்போனார்.

வென்றவர்களுக்கு ஒரு சிக்கல். தலைவர் என்று யாருமே இல்லை. முதல்வர் வேட்பாளரை அறிவிக்காமல் போட்டியிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். இவர்கள் ஜெயிப்போம் என்றே நினைக்கவில்லை. அமைப்பின் செயலாளர் ஜே. ஜே. மாரிசனிடம் போனார்கள், அவர் மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம்தான் எர்னஸ்ட் சார்ல்ஸ் டிரூரியிடம் வந்தார்கள். வயது 41. சிம்கோ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கிரௌன் ஹில் என்ற ஊரில் பண்ணை. அந்தத் தேர்தலில் அவர் நிற்கவே இல்லை.

[திரையில்: பண்ணை வீடு, குதிரை பூட்டிய ஏர்]

டிரூரியை ஏதோ கலப்பையைப் போட்டுவிட்டு நேராகக் கோட்டைக்கு வந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா சார்ல்ஸ் டிரூரி 1888இல் ஒன்டாரியோவின் முதல் வேளாண் அமைச்சராக இருந்தவர். மகன் குவெல்ஃப் வேளாண் கல்லூரியில் படித்து 1900இல் பட்டம் வாங்கியவர். படித்து முடித்துப் பண்ணைக்குத் திரும்பியவர், மாலையானால் விவசாயிகள் கூட்டங்களில் பேசப் போய்விடுவார். 1914இல் ஐக்கிய விவசாயிகள் அமைப்பு உருவானபோது முதல் தலைவரும் அவர்தான். 1917இல் லிபரல் வேட்பாளராக நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றும் இருக்கிறார்.

சரி, விவசாயிகளுக்கு அப்படி என்ன கோபம்? பழைய கோபம் ஒன்று, புதுக் கோபம் ஒன்று.

பழையது இறக்குமதி வரி. உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்றுகிறோம் என்று 1879 முதல் கனடா அரசு வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கனமான வரி போட்டது. அறுவடை இயந்திரத்துக்கு விவசாயி கூடுதல் விலை கொடுக்க வேண்டும். தன் கோதுமையை மட்டும் உலகச் சந்தை சொல்லும் விலைக்கு விற்க வேண்டும். 1910 டிசம்பரில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் தலைநகர் ஒட்டாவாவுக்கே போய் இதைக் கேட்டார்கள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

புதியது முதல் உலகப் போர். 1917இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. நாடாளுமன்றத் தேர்தல் நேரம் என்பதால், விவசாயிகளின் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு என்று அரசு வாக்குக் கொடுத்தது. தேர்தல் முடிந்தது. அடுத்த ஏப்ரலில் அந்த விலக்கையே ரத்து செய்துவிட்டார்கள். விதைப்பு நேரத்தில் மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பினால் வயலுக்கு யார் போவது? 1918 மே மாதம் சுமார் 5,000 விவசாயிகள் ஒட்டாவாவில் திரண்டார்கள். பிரதமர் போர்டன் மசியவில்லை. நகரத்துப் பத்திரிகைகள் கேலி செய்தன. வரி விவகாரம் நாற்பது வருடமாகச் செய்யாததை இந்த ஒரு அவமானம் செய்துவிட்டது. அதே வருடம் அக்டோபரில் மனிடூலின் தீவு இடைத்தேர்தலில் விவசாயிகளின் ஆள் ஜெயித்தார். மறு வருடம் ஆட்சியே கைக்கு வந்தது.

[திரையில்: குவீன்ஸ் பார்க் சட்டமன்றக் கட்டடம்]

குவீன்ஸ் பார்க் என்றால் டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும். அங்கே டிரூரி 11 தொழிலாளர் கட்சி உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டணி அரசு அமைத்தார். தொழிலாளர் துறை வால்டர் ரோலோவுக்கு. ஹாமில்டனில் துடைப்பம் செய்யும் தொழிலாளி அவர். அமைச்சரவையில் பெரும்பாலானவர்களுக்குச் சட்டமன்றமே புதிது. டிரூரிக்கும்தான். 1920 தொடக்கத்தில் ஹால்டன் தொகுதி இடைத்தேர்தலில் ஜெயித்த பிறகுதான் அவருக்கு அவையில் இடமே கிடைத்தது.

வேலை நடக்காமல் இல்லை. குழந்தைகளோடு தவிக்கும் விதவைத் தாய்மார்களுக்கு உதவித்தொகை, பெண் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, தத்தெடுப்புக்கு முறையான சட்டம், எல்லாம் முதல் இரண்டு வருடங்களுக்குள் வந்தன. 1922இல் மாகாண அரசே சேமிப்பு வங்கி திறந்தது. மக்கள் போடும் பணத்தை விவசாயக் கடனுக்குத் திருப்புவது திட்டம். இந்த வங்கி 2003இல் டெஜார்டான் குழுமத்துக்கு விற்கப்படும்வரை ஓடியது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. சிம்கோ கவுண்டியில் பைன் காடுகளை மரவியாபாரிகள் மொட்டையடித்துவிட்டுப் போன இடமெல்லாம் மணல் பறந்துகொண்டிருந்தது. பயிர் வைக்க முடியாத நிலம். அங்கே மறுபடி மரம் வளர்க்க வேண்டும் என்று வனத்துறை அதிகாரி எட்மண்ட் ஜாவிட்ஸ் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரூரிக்கு அந்த மணலை விளக்க வேண்டியதில்லை, அவர் ஊரே அதுதான். கவுண்டிகள் நிலம் தரட்டும், மாகாணம் நட்டுப் பராமரிக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். 1922இல் நடவு தொடங்கியது. இன்று சிம்கோ கவுண்டிக் காடு 30,000 ஏக்கருக்கும் மேல்.

[திரையில்: இரண்டு உருவங்கள் எதிரெதிரே: டிரூரி, மாரிசன்]

இவ்வளவு செய்தவர் நான்கே வருடத்தில் ஏன் தோற்றார்?

நெடுஞ்சாலைக்கு நிறையச் செலவு செய்தார்கள். நகரத்துக் கார்க்காரர்களுக்கு நம் வரிப்பணமா, சந்தைக்குப் போகும் எங்கள் மண் சாலை என்ன ஆச்சு என்று விவசாயியே கேட்டார். மதுவிலக்கைக் கடுமையாக அமல்படுத்தியதில் நகரங்கள் வெறுத்தன. மாகாண மின்வாரியத் தலைவர் ஆடம் பெக்கோடு ஓயாத மோதல்; நயாகராவில் கட்டிய மின்நிலையத்தின் செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் பல மடங்கு போய்விட்டது.

ஆனால் அடியறுத்தது மாரிசனோடு வந்த தகராறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விவசாயிகளை மட்டும் வைத்து ஆட்சியைத் தக்கவைக்க முடியாது, கதவைத் திறந்து எல்லோரையும் சேர்த்து மக்கள் கட்சியாக மாற வேண்டும் என்றார் டிரூரி. மாரிசன் ஒப்பவில்லை. நாம் கட்சியே இல்லை, ஒரு தொழில் செய்பவர்களின் அமைப்பு. எல்லோரையும் சேர்த்தால் இன்னொரு லிபரல் கட்சியாகிவிடுவோம், பதவிக்காக வருகிறவன்தான் வருவான் என்றார். ஆட்சியில் இருந்த நான்கு வருடமும் இந்தச் சண்டை வெளியில், பத்திரிகைகளில் நடந்தது. ஊர்ச் சங்கங்கள் பெரும்பாலும் மாரிசன் பக்கம். முதல்வர் ஒரு பக்கம், அவரை முதல்வராக்கிய அமைப்பு மறு பக்கம் என்றால் ஓட்டுக் கேட்டு யார் போவது?

மூன்று நான்கு கட்சிகள் போட்டியிடும் தேர்தலில் வாக்கு சிதறாமல் இருக்க, விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். எதிர்க்கட்சி பேசியே நேரத்தைக் கடத்தியது. மசோதா தேறவில்லை. 1923 ஜூன் 25 தேர்தலில் ஹாவர்ட் ஃபெர்குசனின் கன்சர்வேடிவ் 75 இடங்களைப் பிடித்தது. விவசாயிகளுக்கு 17. டிரூரி ஹால்டனிலேயே தோற்றார். அது போதாதென்று, அவருடைய நிதியமைச்சர் பீட்டர் ஸ்மித் கடன் பத்திர மோசடி வழக்கில் 1924இல் சிறைக்குப் போனார். நேர்மையான ஆட்சி தருவோம் என்று வந்தவர்களுக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன?

[திரையில்: 1934, 1943 என்ற ஆண்டுகள்]

டிரூரி மறுபடி சட்டமன்றத்துக்குப் போகவில்லை. 1934இல் சிம்கோ கவுண்டியின் ஷெரீஃப் பதவி கிடைத்தது. எண்பது வயது தாண்டும்வரை அந்த வேலை பார்த்தார். 1968இல், 90ஆவது வயதில் இறந்தார்.

அமைப்பு அரசியலை விட்டு விலகிக் கூட்டுறவு வியாபாரத்தில் இறங்கியது. அது பல பத்தாண்டுகள் நன்றாகவே நடந்தது. அந்த வகையில் மாரிசன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சட்டமன்றத்தில் எஞ்சிய விவசாய உறுப்பினர்களுக்குத் தலைவராக இருந்தவர் ஹாரி நிக்ஸன். டிரூரி அமைச்சரவையில் 28 வயதிலேயே இடம்பிடித்த பிராண்ட் கவுண்டி விவசாயி. 1934இல் அவர் லிபரல் அரசில் அமைச்சராகச் சேர்ந்தார். 1943இல் சில மாதங்கள் முதல்வராகவும் இருந்தார், லிபரல் கட்சிக்காரராக.