நெல்லைக் காற்று நல்ல காற்றுதான், ஆனா அந்தக் கொசுவர்த்தி?

வணக்கம் மக்களே. இன்றைக்கு சைக்கிள் வீடியோ இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். முக்கூடல் போய்வந்தது இன்னும் எடிட்டிங்கில் கிடக்கிறது, அடுத்த வாரம் வரும். இன்றைக்கு ஒரு விஷயத்தைக் கொட்டித் தீர்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

போன வீடியோவில் எங்கள் தெருமுனையில் குப்பை கொளுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் புலம்பியிருந்தேன். கீழே பாதி கமெண்ட் ஒரே பாட்டு. "அண்ணாச்சி, இந்தியாவிலேயே சுத்தமான காத்து நம்ம ஊருதான், நீங்க என்ன இப்படிச் சொல்லுதீய?" செய்தி உண்மைதான். 2025 ஜனவரியில் நாடு முழுக்க எடுத்த காற்றுத் தரப் பட்டியலில் நெல்லை முதலிடம், குறியீடு 33, எண் குறையக் குறையக் காற்று சுத்தம். எனக்கும் பெருமைதான், ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தேன். புகை கக்கும் பெரிய ஆலைகள் இங்கே குறைவு, மேற்கே கணவாய் வழியாக இறங்கும் காற்றும் சும்மா கிடக்காது, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதே அதனால்தானே. ஆனால் அந்த 33 என்பது, கருவி வைத்திருக்கிற இடத்துக் காற்றின் கணக்கு. நீங்கள் படுத்திருக்கிற அறையில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதற்காகத்தான் காற்றில் இருக்கிற தூசியை அளக்கிற இந்த மீட்டரை வாங்கினேன். பாருங்கள், உள்ளங்கை அளவுதான். ஆன்லைனில் 4,200 போட்டிருந்தது, ஆஃபரில் 3,650-க்கு இறங்கியது, டெலிவரிக்கு 80. சரி, இதுவரைக்கும் ஒன்றுமில்லை. பெட்டியைப் பிரித்தால் சார்ஜர் கேபிள் கிடையாது! அதுவும் பழைய மாடல் பின், இப்போது வருகிற போன் கேபிள் எதுவும் சேராது. வீட்டில் இருக்கிற டப்பா எல்லாம் கவிழ்த்துப் பார்த்தாச்சு. கடைசியில் ஜங்ஷனில் ஒரு கடையில் 120 ரூபாய் சொன்னார், நான் 90-க்கு முடித்தேன். இந்த வருஷத்தில் நான் பேசி முடித்த நல்ல பேரம் இதுதான், அதில் எனக்கு ரொம்பத் திருப்தி. ஆக மொத்தம் 3,820 ரூபாய்.

இப்போது விஷயம். இந்த மீட்டர் அளப்பது பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் சின்னத் தூசி. தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கு பிடித்துவிடும், மிச்சம் தும்மல், சளியோடு வெளியே வந்துவிடும். இது அப்படி நிற்காது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், அதிலும் ரொம்பச் சின்னது ரத்தத்திலேயே கலந்துவிடும். ரத்தக்குழாயின் உள்சுவர் அழலும், ரத்தம் சீக்கிரம் கட்டிதட்டும், ஏற்கெனவே அடைப்பு இருக்கிறவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர அது போதும். புகை என்றால் இருமல், வீசிங் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில், வெளிக்காற்று மாசால் சீக்கிரமே இறந்துபோகிறவர்களில் பாதிக்கும் மேல் இதயநோயாலும் பக்கவாதத்தாலும்தான். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் புகைமூட்டம், முதல் கணக்கிலேயே சுமார் 4,000 பேர் போய்விட்டார்கள். நிறையப் பேர் ஏற்கெனவே நெஞ்சு பலவீனமான ஆட்கள்.

சரி, டெஸ்ட். படுக்கையறையில் முதலில் 14 காட்டியது, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் தூசி என்கிற கணக்கு, அந்த 33 குறியீடு வேறு. அப்புறம் ஒரு கொசுவர்த்திச் சுருளைப் பற்றவைத்தேன். பழைய ஆட்களுக்குத் தெரியும், எனக்கு அந்த வாடையே ஆகாது, ஆனாலும் உங்களுக்காக வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் 90, அப்புறம் 200 தாண்டியது, 430 வந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆ, சொல்ல விட்டுப்போச்சு, ஜன்னல் கதவு எல்லாம் சாத்தியிருந்தது, கொசுவுக்கு பயந்து எல்லாரும் அப்படித்தானே சாத்துகிறோம். ஒரு நாள் முழுக்கச் சராசரி 15-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது, நம் நாட்டு வரம்பு 60. ஒரு சுருள் விடும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் விடும் அளவு என்று 2003-இல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது. கைக்குழந்தையின் தொட்டிலுக்கு அடியில் அதை வைக்கிறார்கள் மக்களே! கொசுவலை வாங்குங்கள், வலைதான் ராஜா.

இன்னொன்று, மீட்டர் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கள், பனியிலும் குளியலறை ஆவியிலும் இது ஏற்றிக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

அடுத்து ஆச்சி. பின்கட்டில் வெந்நீர் போட இன்னும் உடைவிறகுதான். மீட்டரை அடுப்புப் பக்கத்தில் பிடித்தேன், 999-இல் போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் இதில் எண்ணே கிடையாது. விறகுப் புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். ஆச்சிக்கு பி.பி. வேறு. சொன்னால், "அறுவது வருசமா ஊதுதேன், எனக்கு என்னல வந்துட்டு?" என்கிறாள். படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசு என்கிறாள், நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஹீட்டர் கம்பி அவளுக்குப் பயம், அதனால் கேஸில்தான் வெந்நீர் என்று பேசி முடித்திருக்கிறோம். சாம்பிராணிக்கு மட்டும் விதிவிலக்கு கேட்டாள். வெள்ளிக்கிழமை போடு, ஆனால் வாசல் கதவும் ஜன்னலும் திறந்திருக்கணும் என்றேன், சரி என்றுவிட்டாள்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன். வண்ணாரப்பேட்டைப் பக்கம் பஸ் கிளம்பும்போது அதன் பின்னால் நிற்காதீர்கள், மிதிக்கும்போது மூச்சு ஆழமாக இழுக்கிறோம், உள்ளே போவதும் அதிகம். ஓட்டுவதை நிறுத்தாதீர்கள், பாதையை மாற்றுங்கள். நான் வயக்காட்டு வழிக்கு மாறிவிட்டேன்.

அந்தத் தெருமுனைக் குப்பைக்கு வருகிறேன். கொளுத்துகிற அண்ணாச்சியிடமே மீட்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். சருகோடு பால் பாக்கெட், கேரி பை எல்லாம் சேர்த்து எரிக்கிறார். எண் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "எனக்கு போன வருசம்தான் நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சாவ" என்றார். உடனே தண்ணீர் ஊற்றி அணைத்தார். சருகுக்கு ஒரு குழி வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வெட்டுகிறோம், மண்வெட்டி இருக்கிறவர்கள் வந்து சேருங்கள். பாளை சுற்றுவட்டாரத்தில் உங்கள் தெருவிலும் அளக்கணும் என்றால் கமெண்டில் ஏரியா பெயர் மட்டும் போடுங்கள், மீட்டரோடு நானே வருகிறேன்.