கைப்பிடி இல்லாத நாற்காலிகள்

நேயர்களுக்கு வணக்கம். எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கூடிப் பேச, தங்கள் பகுதியிலேயே ஒரு சிறு குழுவை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவள். நாலு வருடமாக அப்படி ஒரு குழுவை நடத்தி வருகிறேன்.

ஸ்லீவ் என்றால், இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு மீதியை ஒரு குழாய் போல விட்டுவிடுவது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் எடுத்துவிடுகிற அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் சில மாதங்கள் பசி என்பதே மறந்துபோகும். இன்னொரு வகை பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். எட்வர்ட் மேசன் என்ற அமெரிக்க டாக்டர் 1966-லேயே முதல் பைபாஸைச் செய்துவிட்டார். ஆக, ஆபரேஷன் மருத்துவ உலகத்துக்குப் பழகிய விஷயம். வீட்டுக்கு வந்தபிறகு வருகிற நாட்கள்தான் நமக்குப் பழக்கமில்லாதவை.

எனக்கு அப்படி ஒரு நாள் இரண்டாவது மாதத்தில் வந்தது. ஒரே ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டேன். நடுநெஞ்சில் கல்லை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில் ஊறுகிறது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தையல் பிரிந்துவிட்டதோ என்று பயம். ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒரு அக்கா, எனக்கு ஒரு வருடம் முன்னாலேயே ஆபரேஷன் ஆனவர், அவருக்குப் போன் செய்தேன். அவர் பதறவில்லை. "கடைசி வாயை நல்லா மென்னியா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "காய்ச்சல் இருக்கா? தண்ணி உள்ள போகுதா?" என்று அடுத்த கேள்வி. "மெதுவா நட. அரை மணி நேரத்துல குறையலைன்னா டாக்டரைக் கூப்பிடு. நானும் லைன்லயே இருக்கேன்" என்றார். இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. எங்கள் குழு ஆரம்பித்தது அந்தப் போனில்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, ஆரம்பிக்க என்ன வேண்டும்? இரண்டு பேர் போதும். எங்கள் முதல் கூட்டத்தில் நாலு பேர்தான். உங்கள் டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் போய், "எங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதித் தருகிறோம், கேட்பவர்களுக்குக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். நோயாளிகளின் பெயர்களை அவர்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் தரவும் கூடாது. விருப்பமிருப்பவர் தானே கூப்பிடுவார். இடத்தைப் பொறுத்தவரை, முடிந்தால் ஆஸ்பத்திரிக்கு வெளியே வையுங்கள் என்பேன். செக்கப்புக்குப் போகாமல் விட்டவர்கள், டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அந்தக் கட்டடத்துக்கே வரமாட்டார்கள். நமக்கு முக்கியமாக வேண்டியவர்களே அவர்கள்தான்.

அப்புறம், நாற்காலி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு யோசித்துக்கொண்டிருப்பவர்களும் நம் கூட்டத்துக்கு வருவார்கள். முதல் மாதம் வந்த ஒருவர் ஒன்றரை மணி நேரமும் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தார். முதுகுவலி போலிருக்கிறது என்று நாங்கள் விட்டுவிட்டோம். எல்லோரும் போனபிறகு சொன்னார், ஒரு விழாவில் நாலு பேர் பார்க்க அவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி உடைந்துபோனதாம். அதிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் முதலில் நாற்காலியின் காலைத்தான் பார்ப்பாராம். கைப்பிடி வைத்த நாற்காலி என்றால் உள்ளே நுழையவே முடியாது என்ற பயம் வேறு. அடுத்த மாதம் கைப்பிடி இல்லாத இரும்பு நாற்காலிகளுக்கும் ஒரு பெஞ்சுக்கும் ஏற்பாடு செய்தோம். அவர் உட்கார்ந்தார், பேசினார். நீங்களும் கூட்டத்துக்கு முன்னால் போய் நாற்காலிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் செய்த பெரிய தப்பையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வட்டமாக உட்கார்ந்து, அந்த மாதம் எத்தனை கிலோ குறைந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லுவோம். கைதட்டுவோம். மூன்று மாதத்தில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சொல்றதுக்கு என்கிட்ட நம்பர் இல்லைங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எடை பெரும்பாலும் முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில்தான் வேகமாகக் குறையும். அப்புறம் நிற்கும், பசி திரும்ப வரும், பலருக்குச் சில கிலோ ஏறவும் செய்யும். உடம்பு அப்படித்தான். முதல் வருடத்தில் பாராட்ட ஊரே இருக்கிறது. இரண்டாவது வருடத்தில்தான் ஆள் வேண்டும். அந்தச் சமயத்தில் நாங்கள் அவரை ரேங்க் கார்டோடு நிற்க வைத்துவிட்டோம். அன்றிலிருந்து கூட்டத்தில் எடை சொல்வதில்லை. "இந்த மாதம் எது கஷ்டமாக இருந்தது?" என்றுதான் ஆரம்பிக்கிறோம்.

குழு மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. இதில் நான் கறார். எடை குறையக் குறைய சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எடுக்கிற மருந்தைக் குறைக்க வேண்டிவரும். எவ்வளவு என்பது டாக்டர் சொல்ல வேண்டியது, பக்கத்து நாற்காலிக்காரர் சொல்ல வேண்டியது இல்லை. ஆனால் டாக்டர் சொன்னதை நாள்தோறும் கடைப்பிடிக்கிற வழிகளை நாம்தான் சொல்லித்தர முடியும். கால்சியமும் இரும்புச் சத்தும் ஒன்றாகப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எங்களில் ஒருவர் பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் ஒன்றையும் சாப்பாட்டு மேஜையில் மற்றதையும் வைத்துவிட்டார், குழப்பம் தீர்ந்தது. முடி கொட்டுவதும் அப்படித்தான். மூன்றாவது மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாக வரும். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து அழுத ஒரு பெண்ணுக்கு, இன்னொரு பெண் தன் நெற்றியோரத்தில் புதிதாக முளைத்திருந்த குட்டை முடியை விரலால் தடவிக் காட்டினார். எந்த டாக்டரும் அந்த ஆறுதலைத் தந்திருக்க முடியாது.

சில விஷயங்களில் தாமதம் ஆகாது. தொடர்ந்து வாந்தி, தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்தால் நரம்பே பாதிக்கப்படும். பைபாஸ் ஆனவர்கள் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைக் கேட்காமல் போட்டால் புண் வரலாம். மதுவைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அது சீக்கிரம் ஏறும். சிலருக்கு இரண்டாவது வருடத்தில் அது அடிமைத்தனமாகவே மாறுகிறது. யாராவது வாழ்வே வெறுத்துப்போச்சு என்று சொன்னால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவ உதவிக்குக் கூட்டிப்போங்கள். ஒரு மனநல ஆலோசகரின் நம்பரை முதல் நாளே கையில் வைத்திருங்கள்.

போட்டோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், அதில் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். புரதப் பவுடர் விற்க ஆள் வருவார்கள், வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சாவியை இரண்டு பேர் வைத்திருங்கள், ஒருவர் களைத்துப்போனாலும் கதவு திறக்க வேண்டும்.

இப்படிக் குழுவுக்கு வருகிறவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. நன்றாக இருப்பவர்கள்தான் ஒழுங்காக வருகிறார்களோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. அதனால் வராதவர்களைத்தான் நான் எண்ணுகிறேன்.

நம்பர் இல்லை என்று சொன்னாரே, அவரை மாதம் ஒருமுறை கூப்பிடுவேன். கூட்டத்தைப் பற்றிப் பேசமாட்டேன், சௌக்கியம் விசாரிப்பதோடு சரி. பதினொரு மாதம் கழித்து வந்தார். கதவோரமாக உட்கார்ந்தார். பதினாலு கிலோ ஏறியிருந்ததைப் பிறகு அவரேதான் சொன்னார். அன்றைக்கு அவர் கேட்டது இதுதான்: "மாத்திரை எல்லாம் நிறுத்தி ஒரு வருஷமாச்சு. டாக்டர்கிட்ட இப்ப எப்படிப் போறது?" சுவரோரமாக நின்றாரே, அவருக்கு அப்போது ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். "செவ்வாய்க்கிழமை எனக்கு செக்கப் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்" என்றார். போனார்கள்.

வணக்கம்.