மேயர் நாற்காலியும் மத்தளமும்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மாமன்ற உறுப்பினர்களே, முன்வரிசையை முதலிலேயே பிடித்துக்கொண்ட தாய்மார்களே, மாலை முதல் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பியே, அனைவருக்கும் வணக்கம். செயலாளர் அம்மையார் பொன்னாடை போர்த்தும்போதே, "பத்து நிமிடம்தான்" என்று என் காதில் சொன்னார்கள். ஆடையை வாங்கிக்கொண்டேன், நிமிடத்துக்கு உறுதி தரவில்லை.

சென்னையின் முதல் பெண் மேயர் திருமதி தாரா செரியன் அவர்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அவர் மேயரானது, அவருடைய சமூகத் தொண்டு, அவரிடமிருந்து இன்றைய உறுப்பினர்கள் கற்க வேண்டியது.

சென்னை மாநகராட்சி பிறந்தது 1688-இல். அங்கே ஒரு பெண் மேயராக வந்து அமர்ந்தது 1956-இல். கணக்குப் போடுங்கள், 268 ஆண்டுகள்! அவருக்குப் பின் 1971-இல் காமாட்சி ஜெயராமன். அதற்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து, 2022-இல் பிரியா. எண்ணுவதற்கு மூன்று விரல் போதும்.

அவர் கணவர் டாக்டர் பி.வி. செரியன் அவருக்கு முன்பே இந்நகரின் மேயராக இருந்தவர். பின்னாளில் மகாராஷ்டிர ஆளுநர். "எனக்குத் தெரியாத மன்றமா?" என்று கேட்கத் தகுதியுள்ள கணவர். ஆனாலும் தாரா அம்மையார் தம் பெயரிலேயே வரலாற்றில் நிற்கிறார். இங்கேதான் என் பழமொழி வருகிறது. கேட்டுச் சலித்தவர்கள் பொறுத்தருள்க. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. ஆண் உறுப்பினருக்குத் தெருவில் மட்டும் இடி. பெண் உறுப்பினருக்கு வீட்டிலும் இடி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. மனு எழுதிக்கொண்டு ஓர் உறுப்பினர் வீட்டுக்குப் போனேன். (இந்த மேடையில் இருப்பவர் அல்லர், பதற வேண்டாம்.) திண்ணையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கை நீட்டினார். "உறுப்பினர் அம்மாவைப் பார்க்க வேண்டும்" என்றேன். "நான்தான், சொல்லுங்கள்" என்றார். "ஐயா, நீங்கள் அம்மாவா?" என்று கேட்டுவிட்டேன். "எல்லாம் ஒன்றுதான்" என்று மனுவைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கத் தொடங்கினார். அந்த நேரம் உள்ளே குக்கர் விசில் அடித்தது. அதோடு ஒரு குரல்: "அது பல்பு இல்லை, தரைக்கடியில் கேபிள் போய்விட்டது. கோயிலுக்கு எதிர்க்கம்பம். இரண்டு முறை சொல்லிவிட்டேன், நாளைக்குத் தோண்டுவார்கள்." கம்பம் வரைக்கும் தெரிந்தவர் அடுப்படியில்! வெள்ளைச் சட்டைக்காரர் உள்ளே பார்த்து, "இரண்டு காபி" என்றார். காபி நன்றாகத்தான் இருந்தது; எனக்குத்தான் இறங்கவில்லை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்துவிட்டது. திண்ணைக்குச் சட்டம் வரவில்லை. அதனால்தான் எங்கள் இயக்கம் கேட்கிறது: வார்டு அலுவலகத்தில் உறுப்பினரின் நாற்காலியில் உறவினர் எவரும் அமரக் கூடாது, உறுப்பினரின் எண்ணுக்கு அழைத்தால் உறுப்பினரே பேச வேண்டும். இந்த மத்தளத்துக்கு ஒரு பக்க இடியாவது குறையட்டும்.

சமூகத் தொண்டு என்ற இரண்டாவது செய்தி... செயலாளர் அம்மையார் கடிகாரத்தைத் தட்டுகிறார்கள். 1967-இல் பத்மபூஷண் பெற்றார் என்பதோடு விடுகிறேன். மூன்றாவது, அடுத்த கூட்டத்துக்கு.

கோரிக்கைப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்திடுங்கள். மனைவிக்கும் சேர்த்து நானே போட்டுவிடுகிறேன் என்று மட்டும் யாரும் பேனாவை எடுக்க வேண்டாம். வணக்கம்.