80 ராண்ட் டிபன் பையில் என் கேமரா

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து நான்தான். இன்றைக்கு ஊர் சுற்றல் கிடையாது. மேசைமேல் இருக்கிற இந்தப் பையைப் பற்றித்தான் பேச்சு. நேற்று கைக்கு வந்தது, இன்று காலை வார்விக் சந்தைப் பக்கம் கொண்டுபோய் வந்துவிட்டேன், இன்னும் சந்தோஷம் தாங்கவில்லை. கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். என்ன தெரிகிறது? டிபன் பை. சூப்பர்மார்க்கெட்டில் தொங்குமே, உள்ளே வெள்ளித்தாள் மாதிரி பளபளக்கும், வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோகிற பை. 80 ராண்ட். இதற்குள் என் ஃபூஜி எக்ஸ்100வி கேமரா உட்கார்ந்திருக்கிறது.

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு என் கட்சி தெரியும். தெருவில் தனியாகப் படம் எடுக்கிறவருக்கு ஒரு கேமரா, ஒரு லென்ஸ், அவ்வளவுதான். இந்தக் கேமராவில் லென்ஸை மாற்றவே முடியாது, மொத்த எடை 478 கிராம். லென்ஸ் மாற்றுகிற நேரத்தில் இரண்டு கையும் வேலையில் மாட்டிக்கொள்ளும், கண்ணும் பைக்குள் போய்விடும். வார்விக் சந்திப்பு வழியாக நாளுக்கு நாலரை லட்சம் பேருக்கு மேல் போய்வருகிறார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில், கூட யாரும் இல்லாமல் நிற்கிற பெண் நான். என் கண் மேலேதான் இருக்க வேண்டும்.

சரி, கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன். போன வாரம் ஒரு கேமரா கடையில் ஒரு பையைக் காட்டினார்கள். 2,400 ராண்ட். முகப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கம்பெனிப் பெயர், ஐந்தாறு அறை, அறைக்கு ஒரு ஜிப். உள்ளே கேமரா இருக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே நடக்க 2,400 ராண்ட் தர வேண்டுமாம். கூடவே, கத்தியால் அறுக்க முடியாதபடி உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிற ஒரு பட்டையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டால் யாராலும் பறிக்க முடியாது என்றார்கள்.

அந்தக் கம்பிப் பட்டை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஏன் என்று சொல்கிறேன். சுற்றுலா ஊரில் பின்னால் வந்து நைசாக அறுத்துக்கொண்டு போகிற கைக்கு அது சரி. நம் ஊரில் பயம் வேறு. முன்னால் வந்து நின்று கத்தியைக் காட்டிக் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் எதிர்க்காமல் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்த நேரத்தில் கழுத்தைச் சுற்றி அறுபடாத கம்பி இருந்தால் கேமராவோடு சேர்த்து என்னையும்தான் இழுப்பார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து ஒருவன் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு வேண்டியது இரண்டு. கை தவறினாலும், யாராவது இடித்தாலும், சும்மா ஒரு இழுப்பு இழுத்தாலும் கேமரா போகக் கூடாது. நானே விட வேண்டும் என்று முடிவுசெய்தால் ஒரே கையால், ஒரே நொடியில், பையோடு சேர்த்துக் கழன்றுவிட வேண்டும். 2,400 ராண்ட் பையில் முதலாவது மட்டும் இருந்தது. இரண்டாவதைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை.

அதனால்தான் கிரே ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். பெயர்ப்பலகையில் டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் என்றிருக்கும், எங்கள் வீட்டில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். அங்கே ஆர்கேடு ஒன்றுக்குள், அதாவது கூரை போட்ட கடைச் சந்துக்குள், செருப்புத் தைக்கிற தாத்தா ஒருவர் இருக்கிறார். பெயரும் முகமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் காட்டவில்லை. இளவயதில் ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். இந்த ஊர்த் தமிழர்களில் எத்தனையோ குடும்பங்கள் ஷூ ஃபேக்டரிச் சம்பளத்தில் வளர்ந்தவைதான். அட, இதைச் சொல்லும்போதுதான் நினைவு வருகிறது. புகைப்படக்காரர் ரஞ்சித் கல்லியும் ஷூ ஃபேக்டரியில் இருந்தவர்! 1925இல் இசிப்பிங்கோவில் பிறந்தவர், ட்ரம் பத்திரிகைக்குப் படம் எடுத்தவர். நம் டர்பன் இந்தியர்களின் வாழ்க்கையையும், நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆல்பர்ட் லுதுலி போன்ற தலைவர்களையும் அவர் கேமராவில்தான் பார்க்கிறோம். பழைய சாமான் விற்பனையில் ஆறு பென்ஸுக்கு வாங்கிய கோடாக் கேமராவில் தொடங்கியவர் அவர். 2017இல் காலமானார். தாத்தாவிடம் இதைச் சொன்னதும் தைப்பதை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் கல்லியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சரி, வேலைக்கு வருகிறேன். டிபன் பையோடு வந்த பட்டை ஒன்றுக்கும் உதவாது, அதை வெட்டி எறிந்தாயிற்று. அதற்குப் பதில் 25 மில்லிமீட்டர் அகல நைலான் பட்டை. தோளிலிருந்து குறுக்காக இடுப்புக்கு வருகிறது. அதன் நடுவில் இந்தப் பிளாஸ்டிக் பக்கிள், இரண்டு பக்கமும் அழுத்தினால் திறப்பது. இது எங்கே இருக்கிறது பாருங்கள், நெஞ்சுக்கு நேரே. பக்கவாட்டில் வைத்தால் போதும் என்றுதான் நான் கேட்டேன். தாத்தா என்னை எழுந்து நிற்கச் சொன்னார், பையை மாட்டச் சொன்னார். "கேமரா எந்தக் கையிலம்மா இருக்கும்?" என்று கேட்டார். வலது கை என்றேன். "அப்போ இடது கை சும்மா தூக்கினா எங்க போகுதோ அங்க வெப்போம்" என்று சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். ஒரு அழுத்து அழுத்துகிறேன், பாருங்கள். போயிற்று. பை, கேமரா எல்லாம் தரையில். கீழே தலையணை போட்டிருக்கிறேன், பயப்படாதீர்கள்.

உள்ளே இன்னொன்று. பையின் அடியில் ஒரு வளையம் தைத்திருக்கிறார். அதிலிருந்து கருப்புக் கயிறு, கயிற்றின் நுனியில் கொக்கி, கொக்கி கேமராவின் பக்கவாட்டு வளையத்தில். கன்றுக்குட்டியை முளையில் கட்டுவது மாதிரி. கேமரா கண்வரைக்கும் வரும், அதற்கு மேல் போகாது. கையிலிருந்து நழுவினால் தரையில் விழாமல் நின்றுவிடும். படம் எடுக்காதபோது பைக்குள் போட்டு மூடிவிடுவேன்.

தையலைப் பாருங்கள், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பட்டை பையோடு சேருகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு சதுரம், சதுரத்துக்குள் பெருக்கல் குறி. மெழுகு பூசிய ஷூ நூல். எந்தப் பக்கம் இழுத்தாலும் பாரம் ஒரே தையல்மேல் விழாது. நேற்று இரவு இரண்டு அரிசிப் பைகளைப் போட்டுக் கதவுக் கொக்கியில் தொங்கவிட்டேன். காலையில் ஒரு நூல்கூட அசையவில்லை.

இப்போது விலை. பை 80, பட்டை 35, பக்கிள் 15, தாத்தாவின் கூலி 70. மொத்தம் 200 ராண்ட். கடைக்காரர் சொன்ன விலையில் பன்னிரண்டில் ஒரு பங்கு! கூலி 70 ரொம்பக் குறைவு என்று நான் கூடக் கொடுத்தேன், வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் பக்கத்துக் கடையில் இரண்டு பேருக்கும் பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு ஊற்றியது) வாங்கினேன், அதை மட்டும் ஒத்துக்கொண்டார். 2,400 ராண்டில் பன்னிரண்டு பேருக்கு இந்தப் பை கிடைக்கும். பன்னிரண்டு பேர்!

இன்னொரு லாபம், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. டர்பன் கோடையில் ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வேர்த்துப்போகும், தெரியும் அல்லவா? குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படிகிறது. டிபன் பையில் உள்ள நுரை சூட்டை மட்டுமல்ல, குளிரையும் தடுக்கும். காருக்குள் கேமரா சில்லிடவே இல்லை. இன்று காலை இறங்கியதும் லென்ஸ் தெளிவு, முதல் படமே எடுத்துவிட்டேன். ஆனால் ஈரமாக உள்ளே வைத்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும், அதனால் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று எப்போதும் கிடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்துவிடுங்கள்.

காரைச் சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன், முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பையைக் கார் டிக்கியில் வைப்பதாக இருந்தால் வீட்டில் கிளம்பும்போதே வையுங்கள். போய் நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்தால் பார்க்கிறவர்கள் பார்த்துவிடுவார்கள். ரிமோட்டை அழுத்திவிட்டு அப்படியே நடக்கவும் கூடாது. சிக்னலைத் தடுக்கிற கருவியோடு பக்கத்தில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவைக் கையால் இழுத்துப் பாருங்கள், பூட்டியிருந்தால் போங்கள்.

கொடுத்துவிடுங்கள் என்று சொல்கிறேனே, அந்தத் துணிச்சல் இன்ஷூரன்ஸிலிருந்து வருகிறது. வீட்டுப் பொருள் பாலிசி மட்டும் இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கேமராவுக்குப் பாதுகாப்பு இருக்காது. கேமராவைத் தனியாக, சீரியல் எண்ணோடு எழுதச் சொல்ல வேண்டும். தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்க வேண்டும். சீரியல் எண்ணைப் படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குப் பணம் வரும், படங்களுக்கு வராது. இந்தக் கேமராவில் ஒரே ஒரு கார்டுதான் போடலாம், அதனால் சந்தையை விட்டு வெளியே வந்ததும் கார்டை மாற்றி, பழையதைச் சட்டையின் உள் பையில் வைத்துவிடுவேன்.

இன்று காலை போனது வார்விக்கில் இருக்கிற எர்லி மார்னிங் மார்க்கெட். 2009இல் அதை எடுத்துவிட்டு மால் கட்டத் திட்டம் போட்டார்கள், வியாபாரிகள் போராடி நிறுத்தினார்கள். 2010இல் நூற்றாண்டு கொண்டாடிய சந்தை அது. தூணில் முதுகைச் சாய்த்து நின்றுதான் கேமராவைத் திறப்பேன், அதை மாற்றவே மாட்டேன். முதலில் கறிவேப்பிலை வாங்கினேன், அப்புறம் கேட்டேன், அப்புறம்தான் படம். ஒரு பெரியம்மா மிளகாய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து என் பையைப் பார்த்து, "என்னம்மா, சாப்பாடு கொண்டுவந்தியா?" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! திறந்து காட்டியதும் சிரித்தார், அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தேன். படம் வியாழக்கிழமை வீடியோவில் வரும். பக்கத்துப் பாலத்தில் இருக்கிற மூலிகைச் சந்தையில் படம் எடுக்கவில்லை. அங்கே பலருக்குப் பிடிக்காது, கேமரா பைக்குள்ளேயே இருந்தது.

தாத்தாவிடம் போகிறவர்கள் சனிக்கிழமை மதியத்துக்குள் போய்விடுங்கள். ஆர்கேடு எது என்று இங்கே சொல்லமாட்டேன், கேட்டால் தனியாகச் சொல்கிறேன். பட்டையும் பக்கிளும் அவரிடம் கிடையாது, நீங்களே வாங்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் 25 மில்லிமீட்டர். ஒன்று 20, ஒன்று 25 என்று எடுத்துவிடாதீர்கள், பட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும். கயிற்றை மட்டும் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். பையை மாட்டி, கேமராவைக் கண்ணுக்குத் தூக்கி, அதற்கு மேல் ஒரு கையகலம் விட்டு வெட்டுங்கள்.