பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் நியோடிமியத்தை மீட்பது எப்படி?

[காட்சி: மேசையில் பிரித்துப்போட்ட ஹார்டு டிஸ்க்]

வணக்கம். ஓடாமல் போன ஹார்டு டிஸ்க் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன். மூலையில் இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கும் இந்தப் பிறை வடிவத் துண்டைப் பாருங்கள். சுண்டுவிரல் அளவுதான். ஸ்க்ரூடிரைவரைக் கிட்டே கொண்டுபோனால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது.

இது நியோடிமியம் காந்தம். இரும்பு, போரான், நியோடிமியம் சேர்ந்த கலவை. 1980-களில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டுபிடித்தது. எடையில் சுமார் 30 சதவீதம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் எனப்படும் உலோகங்கள்தான்.

சரி, டிஸ்க் குப்பைக்குப் போனால் இது என்ன ஆகும்? மொத்தமாக அரைத்துவிடுவார்கள். நொறுங்கிய காந்தம் அங்கிருக்கும் இரும்பில் எல்லாம் அப்பிக்கொள்ளும். அந்த இரும்பை உருக்கும்போது நியோடிமியம் கசடோடு போய்விடும். அருமண்ணை மண்ணிலிருந்து பிரிப்பது லேசான வேலை இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்ற அருமண் கனிமத்தில்கூட, கதிரியக்கமுள்ள தோரியமும் கூடவே வரும். அவ்வளவு பாடுபட்டு எடுத்ததைக் கசடில் கொட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

[காட்சி: எஃகுக் கலனுக்குள் காந்தங்கள், வாயு உள்ளே போகிறது]

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கலனுக்குள் ஹைட்ரஜனைச் செலுத்துகிறார்கள். காந்தம் நுண்ணிய மணிகளால் ஆனது. மணிகளுக்கு இடையே நியோடிமியம் மிகுந்த மெல்லிய படலம் இருக்கும். முதலில் அந்தப் படலமும், அப்புறம் மணிகளும் ஹைட்ரஜனை உறிஞ்சி உப்புகின்றன. காந்தம் தானாகவே வெடித்துப் பொடியாகிறது. காந்தத்தன்மையும் போய்விடுவதால் எதிலும் ஒட்டாது. மேலே இருந்த நிக்கல் பூச்சு செதில் செதிலாக உரியும். சலித்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

மிஞ்சும் பொடி அதே பழைய கலவைதான். வெற்றிடத்தில் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றி, அழுத்தி, சுட்டெடுத்தால் மறுபடி காந்தம். கொஞ்சம் நியோடிமியம் ஆக்சைடாகிவிடுவதால் அதை ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான். பல வகைக் காந்தங்கள் கலந்துவிட்டால் இது சரிப்படாது. அமிலத்தில் கரைத்து ஒவ்வொரு தனிமமாகப் பிரிக்க வேண்டும். அது நீண்ட வேலை.

[காட்சி: பிரிக்காத மோட்டார்]

இப்போதைக்குப் பெரிய தலைவலி, காந்தம் எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான். பல மோட்டார்களுக்குள்ளும் இந்தக் காந்தம் உண்டு, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லா மோட்டாரும் ஒன்றுபோல இருக்கும். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டம் இதைத்தான் தொடுகிறது: காந்தம் எங்கே, என்ன கலவை, எப்படிக் கழற்றுவது என்ற விவரம் பொருளோடு சேர்ந்தே வர வேண்டும்.